ரிமாண்டு ஆகிச் சிறைக்குள் போகும் இரவில் நோயைக் கேட்டறிய வேண்டியவர் யார்?

கேள்வி – பந்தலூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பந்தலூர் வட்டாரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் பணியாற்றுகிறேன். என்னிடம் படித்த பணியர் சமூகத்து இளைஞன் ஒருவனுக்குச் சென்ற மழைக்காலத்தில் நேர்ந்ததைச் சொல்லி, சட்டமும் மருத்துவமும் அறிந்தவர்களிடம் விளக்கம் கேட்கவே இதை எழுதுகிறேன். அவனுடைய பெயரையும், காவல் நிலையம், மருத்துவமனை, சிறை ஆகியவற்றின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

அவனுக்கு வயது 22. பரம்பரையாக வரும் ரத்த நோயான அரிவாள் செல் ரத்தசோகை இருப்பது 11 வயதில் கண்டறியப்பட்டது. அன்று முதல் ஃபோலிக் அமிலமும், பிறகு அந்த நோய்க்கான ஹைட்ராக்சியூரியா மாத்திரையும் சாப்பிட்டு வருகிறான். நோய் விவரம் எழுதிய அட்டையை அவன் அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசி டப்பாவுக்குள் வைத்திருப்பார். ஒழுகும் வீட்டில் நனையாத இடம் அது ஒன்றுதான். கூலித் தகராறில் நடந்த கைகலப்புக்காக ஒரு மாலையில் அவனைக் கைது செய்தார்கள். அம்மா அந்த அட்டையை எடுத்துக்கொண்டு மழையில் நிலையத்துக்கு ஓடினார். வாசலில் இருந்த காவலர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நாளைக் காலையில் கொண்டு வரும்படி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். காலையில் அவன் அங்கே இல்லை.

அன்றிரவே அவனை அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து நீதித்துறை நடுவரிடமும், பிறகு மலையில் உள்ள ஒரு கிளைச்சிறைக்கும் கொண்டு போயிருக்கிறார்கள். மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்த்து, அடித்தார்களா என்று கேட்டார்களாம். பக்கத்திலேயே இரண்டு காவலர்கள் நின்றதால் இல்லை என்று சொல்லியிருக்கிறான். சிறையில் சட்டையைக் கழற்றச் சொல்லி மச்சத்தையும் தழும்பையும் எழுதிக்கொண்டார்கள். தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று மூன்று இடத்திலும் ஒருவரும் கேட்கவில்லை. அவனாகவும் சொல்லவில்லை. இரவில் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று மற்றவர்களை எழுப்பக் கூசியதால் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டேன் டீச்சர் என்று பிறகு என்னிடம் சொன்னான். மூன்றாம் நாள் கால் வலியும் நெஞ்சு வலியுமாகத் துடித்த பிறகே மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிழைத்து, பிணையில் வந்து, இப்போது வேலைக்குப் போகிறான்.

காவல் நிலையம், மருத்துவமனை, நடுவர், சிறை என்ற இந்த வரிசையில் அவனுடைய நோயைக் கேட்டறிய வேண்டிய கடமை யாருக்கு இருந்தது? அம்மா கொண்டுபோன அட்டையை வாங்கிக் கோப்பில் சேர்க்கச் சொல்லும் உரிமை குடும்பத்துக்கு உண்டா? எங்கள் பாடியில் (பழங்குடிக் குடியிருப்பில்) இதே நோயோடு இன்னும் நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால் கேட்கிறேன்.

பதில் 1 – ஓய்வுபெற்ற சிறை மருந்தாளுநர், கோத்தகிரி

டீச்சர் அவர்களுக்கு வணக்கம். சிறை மருத்துவமனையில் பல ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்தவன் என்ற முறையில் சிறை வாசலுக்கு உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தில் 24ஆம் பிரிவு இதைப் பற்றியதுதான். புதிதாக வரும் சிறைவாசியைச் சோதனையிட்ட பிறகு, கூடிய விரைவில் மருத்துவ அதிகாரியின் உத்தரவுப்படி அவரைப் பரிசோதிக்க வேண்டும். உடல்நிலை, உடம்பில் உள்ள காயங்கள், அடையாளங்கள், கடுங்காவல் தண்டனை பெற்றவரானால் எந்த வகை வேலைக்குத் தகுதியானவர் என்பதையெல்லாம் ஜெயிலரிடம் உள்ள பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது. அந்த வாசகத்தைக் கவனித்துப் படித்தால் அது எந்தக் காலத்துக் கவலை என்று தெரியும்: ஓடிப் போனால் அடையாளம் காண மச்சமும் தழும்பும், வேலை வாங்க உடல் வலுவும். உங்கள் மாணவனிடம் சட்டையைக் கழற்றச் சொன்னவர்கள் அந்தப் பழக்கத்தைத்தான் கடைப்பிடித்திருக்கிறார்கள். உடல்நிலை என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாக் கேள்வியும் அடங்கும் என்றாலும், கேட்க வேண்டிய கேள்வி எது என்று பதிவேட்டில் அச்சடித்து வராவிட்டால் இரவு நேரத்தில் அது விடுபட்டுவிடும்.

சிறைவாசிகளை நடத்தும் முறை பற்றி ஐ.நா. பொதுச் சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 30ஆவது விதி இதை விரித்துச் சொல்கிறது. சிறைக்கு வந்ததும் மருத்துவரோ தகுதி பெற்ற வேறு சுகாதாரப் பணியாளரோ பார்த்து, என்ன சிகிச்சை தேவை, வருவதற்கு முன் துன்புறுத்தப்பட்டாரா, தற்கொலை எண்ணம் உண்டா, போதைப் பழக்கத்தை நிறுத்தியதால் வரும் தொந்தரவு உண்டா, தொற்றுநோய் உண்டா என்று கண்டறிய வேண்டும் என்பது அதன் சாரம்.

நான் பார்த்தவரை முதல் மூன்று நாட்களில் ஆளைக் கொல்லக்கூடியது குடிப்பழக்கத்தை நிறுத்தியதால் வரும் பாதிப்பு. தினமும் குடித்தவர் கைதாகிறார். அன்றே குடி நின்றுவிடுகிறது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் கை நடுங்கி, வியர்த்து, இல்லாததையெல்லாம் பார்த்துப் பிதற்றத் தொடங்குவார். உடன் இருப்பவர்கள் அதை நடிப்பு என்றோ பேய் என்றோ நினைப்பார்கள். ஒருவர் சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி விரலால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அவர் அனுமதிக்கப்பட்ட தாளில் நலமாக உள்ளார் என்ற இரண்டு சொற்கள்தான் இருந்தன. வாசலிலேயே கடைசியாக எப்போது குடித்தாய் என்று கேட்டிருந்தால் முதல் நாளே மருந்து தொடங்கியிருக்கலாம். இன்சுலின் போடுபவரும், வலிப்பு மாத்திரை சாப்பிடுபவரும், காசநோய்க்கும் எச்.ஐ.விக்கும் மருந்து எடுப்பவரும் இதே நிலையில்தான் வருகிறார்கள். மருந்து வீட்டில் இருக்கும், ஆள் சிறையில் இருப்பார்.

கோவை போன்ற மத்திய சிறைகளில் மருத்துவமனையும் மருத்துவர்களும் உண்டு. கிளைச்சிறைகளில் பொதுவாக முழுநேர மருத்துவர் இருப்பதில்லை. ஆகவே அங்கே வாசலில் கேட்கப்படும் கேள்விக்கு இன்னும் மதிப்பு அதிகம்.

பதில் 2 – வழக்கறிஞர், உதகை

உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான பதில், அந்தக் கடமை நால்வருக்கும் இருந்தது என்பதே.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவின்படி, கைதானவரைக் கைது செய்த உடனே மருத்துவ அதிகாரி பரிசோதிக்க வேண்டும். காயங்கள் இருந்தால் அவற்றையும், அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் எழுத வேண்டும். அந்த அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ தர வேண்டும். கைதானவர் பெண்ணானால் பெண் மருத்துவரோ அவருடைய மேற்பார்வையிலோதான் பரிசோதனை நடக்க வேண்டும். 56ஆம் பிரிவு, காவலில் வைத்திருப்பவர் கைதானவரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் நியாயமான அக்கறையோடு கவனிக்க வேண்டும் என்கிறது. அம்மா நீட்டிய அட்டையை வாங்காமல் திருப்பியது அந்தப் பிரிவுக்கு எதிரானது என்றே நான் கருதுகிறேன். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தந்த வழிகாட்டுதல்களில், காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பதும் ஒன்று.

அடுத்து நடுவர். முதல் ரிமாண்டுக்கு ஆளை நேரில் நிறுத்த வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பதே, நடுவர் தம் கண்ணால் பார்த்து, தம் வாயால் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். மருத்துவர் எழுதியதை நடுவர் நம்புகிறார், நடுவர் எழுதியதைச் சிறை நம்புகிறது. முதல் தாளில் விடுபட்டது கடைசித் தாள்வரை விடுபட்டே போகிறது. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் கைதான தந்தையையும் மகனையும் நினைத்துப் பாருங்கள். அவர்களும் மருத்துவமனை வழியாக, நடுவர் வழியாகத்தான் கோவில்பட்டி கிளைச்சிறைக்குப் போனார்கள். அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். மூன்று கதவுகளையும் கடந்து போனவர்கள் அவர்கள் என்பதை வழக்கறிஞர்களாகிய நாங்கள் மறக்கக் கூடாது.

குடும்பம் செய்யக்கூடியது இது. அட்டையின் நகலை வைத்து, இன்ன நோய் உள்ளது, இன்ன மருந்தை நிறுத்தக் கூடாது, சிறை மருத்துவ அதிகாரி உடனே பார்க்க உத்தரவிட வேண்டும் என்று நடுவரிடம் ஒரு பக்க மனுக் கொடுங்கள். ரிமாண்டு முடிந்த பிறகும் கொடுக்கலாம். அதே மனுவின் நகலைச் சிறைக் கண்காணிப்பாளருக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பழங்குடியினருக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

மேற்பார்வையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காவலில் ஒருவர் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 1993 டிசம்பரிலேயே அறிவுறுத்தியது. நீதித்துறை நடுவரின் விசாரணையும் உண்டு. ஆனால் இவையெல்லாம் உயிர் போன பிறகு திறக்கும் கோப்புகள். உங்கள் மாணவனைப் போலப் பிழைத்தவர்களுக்கு நேர்ந்ததை எழுத்தில் கொடுத்தால்தான் சிறையைப் பார்வையிட வரும் நீதிபதிகள் அதைப் பற்றிக் கேட்க முடியும்.

பதில் 3 – அரசு மருத்துவர், நீலகிரி

இந்தப் பதிவை இரண்டு முறை படித்தேன். இரவுப் பணியில் இருக்கும்போது ரிமாண்டுக்கு முன் சான்று கேட்டுக் காவலர்கள் ஆளை அழைத்து வருவது எங்களுக்கு வழக்கமான வேலை. வெளியே விபத்தில் அடிபட்டவர் காத்திருப்பார். ஜீப்பின் இன்ஜினை அணைக்காமலே நிற்பார்கள். நானும் அப்படிச் சில நிமிடங்களில் கையெழுத்திட்டிருக்கிறேன். அதற்காக வருந்துகிறேன், இப்போது அப்படிச் செய்வதில்லை.

அரிவாள் செல் நோய் இந்த மலைக்குப் புதியதல்ல. இந்தியாவில் அது முதன்முதலாகப் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். லேமன், கட்புஷ் ஆகிய ஆய்வாளர்கள் 1952இல் அதை வெளியிட்டார்கள். ஆகவே பணியர், குறும்பர், இருளர் சமூகத்தவர் ஒருவர் இரவில் எங்கள் முன் நிற்கும்போது இந்தக் கேள்வி எங்கள் நினைவுக்கு வராமல் போவதற்கு நியாயமே இல்லை. இந்த நோயில், குளிரிலும் நீர்ச்சத்து வற்றும்போதும் ஆக்ஸிஜன் குறையும்போதும் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து சிறு ரத்தக் குழாய்களை அடைக்கின்றன. மழையில் நனைந்த உடை, சிமெண்டுத் தரை, தண்ணீர் குடிக்காத இரண்டு நாட்கள், நின்றுபோன மாத்திரை ஆகிய அனைத்தும் அந்த இளைஞனுக்கு ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. எலும்பு வலியோடு நெஞ்சு வலியும் வந்தால் அது உயிருக்கு ஆபத்தான கட்டம். மூன்றாம் நாளாவது கொண்டு வந்தார்களே என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

இரவில் ரத்தப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. நான் இப்போது காவலர்களைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்: தினமும் என்ன மாத்திரை, கடைசியாக எப்போது குடித்தீர்கள், வலிப்பு வந்ததுண்டா, இருமலும் காய்ச்சலும் எத்தனை நாட்களாக, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா. தமிழ் சரளமாக வராதவர் என்றால், எங்கள் பணியாளர்களில் அவர் மொழி தெரிந்தவரை அழைத்துக்கொள்கிறேன். மூன்று நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆவதில்லை.

காயங்களைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். தொடையிலும் பிட்டத்திலும் தடியால் அடித்தால் வெளியே சற்றுக் கன்றியது போலத்தான் தெரியும். உள்ளே தசை சிதைந்து, அதிலிருந்து வரும் பொருள் சிறுநீரகத்தை அடைத்துவிடும். சிறுநீர் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போகிறதா என்று கேட்பது அதனால்தான். நடந்து வந்தார், நன்றாகப் பேசினார் என்பது அவர் நலமாக இருக்கிறார் என்பதற்குச் சான்றாகாது.

ஆசிரியை – மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மாலை ஐந்து வீடுகளுக்கும் போய் அட்டைகளை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நகல் எடுத்தேன். இரண்டு கேள்விகள் எழுந்தன. ஒரு பெரியவர், இதையெல்லாம் போலீஸிடம் காட்டினால் ஊரெல்லாம் தெரிந்து பிள்ளைக்குப் பெண் கிடைக்காதே என்று கவலைப்பட்டார். இன்னொன்று, வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொண்டுபோய்ச் சிறையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?

வழக்கறிஞர், உதகை

பெரியவரின் அச்சம் நியாயமானது. அவர் விரும்பாவிட்டால் நிலையத்தில் காட்ட வேண்டியதில்லை. நகலை ஒட்டிய உறையில் வைத்து, நடுவருக்கும் சிறை மருத்துவ அதிகாரிக்கும் மட்டும் என்று மேலே எழுதிக் கொடுக்கலாம். நோய் விவரத்தை வெளியே சொல்லாமல் இருப்பது மருத்துவரின் கடமை.

ஓய்வுபெற்ற சிறை மருந்தாளுநர், கோத்தகிரி

பிரித்த மாத்திரைகளைக் கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களால் உறுதி செய்ய முடியாது. மருத்துவர் எழுதிய சீட்டு, பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி பிரிக்காத மாத்திரைப் பட்டை, இரண்டையும் சேர்த்துச் சிறை மருத்துவ அதிகாரியின் பெயருக்குக் கொடுங்கள். ஹைட்ராக்சியூரியாவின் அளவு உடல் எடையைப் பொறுத்தது என்பதால், கடைசியாக எடை பார்த்த தேதியும் எடையும் சீட்டில் இருக்கட்டும். நகலின் பின்புறத்தில் பெரிய எழுத்தில், குளிரில் படுக்கவைக்கக் கூடாது, தண்ணீர் நிறையக் கொடுக்க வேண்டும், காய்ச்சலோ நெஞ்சு வலியோ வந்தால் அன்றே மருத்துவமனைக்கு என்று தமிழில் எழுதிவிடுங்கள். இரவில் வாசலில் நிற்கும் வார்டர் முதலில் படிப்பது அதைத்தான்.