புதுப்பிப்பு: கன்ஸ்ட்ரக்டரைக் கையால் அடிக்கும் தொல்லை தீர்ந்தது

ஃபீல்டுகள் (தரவை வைத்திருக்கும் மாறிகள்) குவிந்து கிடக்கும் ஜாவா கிளாஸுக்குக் கன்ஸ்ட்ரக்டரை, அதாவது ஆப்ஜெக்ட் உருவாகும்போது அந்த ஃபீல்டுகளுக்கு மதிப்பு கொடுக்கும் பகுதியை, தானாக எழுத வைக்க வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். உண்டு. இன்டெலிஜே-யில் (ஜாவா நிரல் எழுதும் மென்பொருள்) கர்சரை கிளாஸுக்குள் வைத்து ஆல்ட் + இன்சர்ட் (மேக்கில் கமாண்ட் + என்) தட்டி, 'கன்ஸ்ட்ரக்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஃபீல்டு பட்டியல் வரும். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு வேண்டியதை மட்டும் சொடுக்கலாம். தாய் கிளாஸில் பல கன்ஸ்ட்ரக்டர்கள் இருந்தால், எதைக் கூப்பிடுவது என்று முதலில் அதைத்தான் கேட்கிறது. தாய் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடும் சூப்பர் வரியையும் அதுவே போட்டுவிடும்.

எனக்குப் பிடித்தது வேறு. அப்புறமாக ஒரு ஃபைனல் ஃபீல்டு (ஒரே ஒருமுறை மட்டும் மதிப்பு கொடுக்கக்கூடியது) சேர்த்தால் சிவப்புக் கோடு விழுமே, அங்கேயே ஆல்ட் + என்டர் தட்டினால் பழைய கன்ஸ்ட்ரக்டரிலேயே பாராமீட்டரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வெறும் தரவைச் சுமக்கும் கிளாஸ் என்றால் இந்த வம்பே வேண்டாம். ஜாவா 16 முதல் ரெக்கார்டு இருக்கிறது; ஃபீல்டுகளைச் சொன்னாலே கன்ஸ்ட்ரக்டர் தானாக வந்துவிடும் கிளாஸ் வகை அது.