புதுப்பிப்பு: பாஸ் மீன் பிடிக்கும் படகின் ட்ரோலிங் மோட்டார், கோளாறு வயரில்தான் இருந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: பழைய 18 அடி அலுமினியப் படகு, முகப்பில் 24 வோல்ட், 80 பவுண்டு இழுவிசை ட்ரோலிங் மோட்டார் (மீன் பிடிக்கும்போது படகை மெதுவாக நகர்த்தும் சின்ன மின் மோட்டார்). டெக்சஸ் லேக் ஃபோர்க் ஏரியில் காற்று கிளம்பினால் மதியத்துக்குள் மோட்டார் சோர்ந்துவிடுகிறது, பேட்டரியை மாற்றலாமா என்று. "முதல்ல வயரைப் பாருங்க" என்று சொன்ன அண்ணனுக்குப் பெரிய நன்றி.

தளப்பலகையைக் கழற்றினேன். முன்பு வைத்திருந்தவர் 10 கேஜ் வயர் இழுத்திருக்கிறார் (கேஜ் எண் கூடக் கூட வயர் மெலிசு). முழு வேகத்தில் இந்த மோட்டார் 56 ஆம்பியர் வரை இழுக்கும். பின்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து முகப்புக்குப் போய்த் திரும்பும் தூரத்துக்கு அந்த வயர் போதவே போதாது. வழியிலேயே வோல்டேஜ் விழுந்து, சூடேறி, ஒரு முனையில் உறை உருகியிருந்தது. பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க். வயிறு கலங்கிவிட்டது. இப்போது வெள்ளீயம் பூசிய 6 கேஜ் செம்பு வயர், பேட்டரிக்குப் பக்கத்தில் 60 ஆம்பியர் பிரேக்கர் (மின்சாரம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்).

அதற்குப் பிறகுதான் இரண்டு லித்தியம் பேட்டரி வாங்கினேன். பழைய ஈய பேட்டரியில் பாதி எடைகூட இல்லை. படகின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரிய உயர்ந்திருக்கிறது. வாங்குகிறவர்கள் லித்தியத்துக்கு ஏற்ற சார்ஜரும் சேர்த்து வாங்குங்கள்.

சனிக்கிழமை விடியலிலிருந்து மாலை நாலு வரை, எதிர்காற்றிலும் மோட்டார் அசரவில்லை. 20 அங்குல பாஸ் மீன் ஒன்று மாட்டியது. அந்த ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ள பாஸ் மீனை எடுத்துவரக் கூடாது. அளந்துவிட்டு உடனே தண்ணீரில் விட்டேன்.

அடுத்தது லைவ்வெல் (பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டி) பம்ப்புக்கு டைமர்.