யாழ்ப்பாணப் புறநகரில் சனம் கூடுகிறதா, வீடுகள் மட்டும் கூடுகின்றனவா?

கேள்வி: கோண்டாவில் வாசி

வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டு மலருக்கு ஊரின் சனத்தொகை பற்றி நான்கு பக்கம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலி, இருபாலை ஆகிய இடங்களில் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு புகையிலையும் வெங்காயமும் நின்ற செம்மண் தறைகளில் இன்று மாடி வீடுகள் நிற்கின்றன. பலாலி வீதியில் காலை ஏழரை மணிக்கு மோட்டார் சைக்கிளைக் குறுக்கே விடுவதே பெரும்பாடாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது வளர்ச்சிதான் என்று நம்பிக்கொண்டு நூலகத்தில் குந்தினேன். ஆனால் 1981ஆம் ஆண்டுத் தொகைமதிப்பில் 7,38,788 பேர் இருந்த யாழ். மாவட்டத்தில் 2012இல் 5,83,882 பேர்தான் இருந்தார்கள் என்றும், 2024ஆம் ஆண்டுக் கணக்கிலும் அந்தத் தொகை ஆறு இலட்சத்தைத் தொடவில்லை என்றும் கண்டபோது எழுதத் தொடங்கிய முதற் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். போதாக்குறைக்கு, ஒரு பழைய கட்டுரையில் 1981ஆம் ஆண்டுத் தொகை எட்டு இலட்சத்து முப்பதாயிரம் என்று இருக்கிறது. எதை நம்புவது? மாவட்டம் சுருங்கியிருக்கும்போது புறநகர் மட்டும் பெருத்திருக்க முடியுமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற புள்ளிவிபர உத்தியோகத்தர்

தம்பி, முதலில் அந்த எட்டு இலட்சத்துக் கதையை முடித்துவிடுவோம். இரண்டு எண்ணும் சரியானவையே. 1981இல் கிளிநொச்சி தனி மாவட்டமாக இருக்கவில்லை, 1984இல்தான் பிரிந்தது. அப்பகுதியின் 91,764 பேரைச் சேர்த்தால் 8,30,552, கழித்தால் 7,38,788. ஒப்பிடும்போது எப்போதும் ஒரே எல்லைக்குள் நின்று ஒப்பிட வேண்டும் என்பதை, எங்கள் கந்தோரில் புதிதாகச் சேர்ந்த எல்லோருக்கும் இந்த எண்ணை வைத்துத்தான் சொல்லிக் கொடுப்பேன்.

இழப்பின் அளவை விளங்கிக்கொள்ள இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 1981க்கும் 2012க்கும் இடையில் இலங்கையின் மொத்தச் சனத்தொகை ஏறத்தாழ 1 கோடி 48 இலட்சத்திலிருந்து 2 கோடி 3 இலட்சமாக, அதாவது நூற்றுக்கு 37 வீதம் கூடியது. அதே வீதத்தில் யாழ்ப்பாணமும் கூடியிருந்தால் 2012இல் பத்து இலட்சத்துக்கு மேல் இருந்திருக்கும். கூடாதது ஒருபுறமிருக்க, இருந்ததிலேயே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. மாநகர சபை எல்லைக்குள் நிலைமை இன்னும் மோசம்: 1,18,224 பேர் 88,138 ஆகக் குறைந்தார்கள், அது காற்பங்கு. 1990 ஒக்டோபரில் ஒரு சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் தெருக்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் ஒரே இரவில் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தவர்களில் திரும்பி வராதவர்களின் வீடுகளும் அந்த எண்ணுக்குள் கிடக்கின்றன. 2001இல் இங்கே முழுமையான தொகைமதிப்பு நடக்கவில்லை. ஆகவே 31 ஆண்டுகளின் மாற்றத்தை இரண்டே புள்ளிகளை வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டியிருக்கிறது. இடையில் ஏறியது எவ்வளவு, இறங்கியது எவ்வளவு என்பது அந்தக் கோட்டில் தெரியாது.

இனி உங்கள் கேள்வி. மாவட்டம் சுருங்கும்போதே புறநகர் பெருக்கலாம், அதில் முரண் எதுவும் இல்லை. நெடுந்தீவில் 2012இல் நாலாயிரம் பேர் கூட இல்லை. தீவுப் பகுதியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியத்துக்கும் பட்டினத்தை அண்டி வந்த குடும்பங்கள், வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் காணி அகப்பட்டதால் உடுவில், கோப்பாய், நல்லூர்ப் பக்கம் வாடகைக்கு இருந்து அங்கேயே வேரூன்றியவர்கள், பல்கலைக்கழகத்தைச் சுற்றி அறை எடுத்திருப்பவர்கள் என எல்லோரும் வந்து சேர்ந்தது நீங்கள் சொல்லும் அந்த வளையத்துக்குள்தான். இது பெரும்பாலும் இடமாற்றமே தவிரப் பிறப்பால் வந்த பெருக்கம் அன்று.

ஒரு எச்சரிக்கை. நல்லூர்ப் பிரதேச செயலகப் பிரிவும் நல்லூர்ப் பிரதேச சபையும் ஒன்றல்ல. செயலகப் பிரிவின் ஒரு பகுதி மாநகர சபை எல்லைக்குள் வருகிறது. ஒன்றின் எண்ணை மற்றதன் தலைப்பில் போட்டு அச்சடித்த மலர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி: கணக்கெடுக்கப் போன ஆசிரியை

ஐயா சொன்னவற்றோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் வீட்டைப் பார்த்துச் சனத்தை எண்ணக்கூடாது என்பதை நான் படலை படலையாகத் தட்டித்தான் படித்தேன். கடந்த தொகைமதிப்பில் எனக்குத் தந்த ஒழுங்கை ஒன்றில் பதினான்கு வீடுகள். அவற்றில் ஐந்து பூட்டியிருந்தன. மாபிள் பதித்த விறாந்தை, இரண்டு வாகனம் நிறுத்தக்கூடிய போட்டிக்கோ, கேற்றில் தடித்த சங்கிலி. திறப்பு அடுத்த வீட்டு அம்மாவிடம் இருந்தது, வெள்ளிக்கிழமைகளில் வந்து விளக்கேற்றிவிட்டுப் போகிறார். சொந்தக்காரர்கள் இலண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள், நல்லூர்த் திருவிழாவுக்கு வருவார்கள். ஆறாவது வீட்டில் எழுபத்தெட்டு வயதான ஐயா ஒருவர் தனியே இருந்தார். குடும்ப அட்டையில் ஏழு பேர். எனது படிவத்தில் ஒருவர்.

கணக்கு முரண்படும் இடம் இந்த அட்டைதான். 2012இலிருந்து ஒருவரை அவர் வழமையாக வசிக்கும் இடத்தில்தான் எண்ணுகிறார்கள். அதற்கு முந்திய தொகைமதிப்புகளில் அந்த இரவில் யார் எங்கே நின்றாரோ அங்கே எண்ணினார்கள். விதானையாரின், அதாவது கிராம அலுவலரின், பதிவேடோ குடும்ப அட்டையை வைத்து நடப்பது, வெளிநாடு போனவரின் பெயரை வெட்டும்படி எந்தத் தாயும் தானாகப் போய்ச் சொல்வதில்லை. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) ஒரு தொகையும் தொகைமதிப்பில் இன்னொரு தொகையும் வருவதைக் கண்டு யாரோ பொய் சொல்கிறார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

வயதையும் பால் விகிதத்தையும் மலரில் கட்டாயம் சேருங்கள். இங்கே ஆண்களைவிடப் பெண்கள் கூட. போரும் புலம்பெயர்வும் கூடுதலாக எடுத்துக்கொண்டது இளம் ஆண்களை. நான் எண்ணிய வீடுகளில் குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் எத்தனை தடவை ஒரு பெண்ணின் பெயரை எழுதினேன் என்பதைப் பிறகு எண்ணிப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

மறுமொழி: மார்க்கத்திலிருந்து ஒரு கொக்குவிலான்

நான் இருப்பது கனடாவின் யோர்க் பிராந்தியத்தில். புறநகர் என்றால் எப்படி வளரும் என்பதற்கு எங்கள் இடம் ஒரு பாடம்: 2016இல் 11,09,909 பேர், 2021இல் 11,73,334 பேர். ஆனால் எங்கள் ஆட்கள் செறிந்து வாழும் மார்க்கம் நகரம் அந்த ஐந்து ஆண்டுகளில் கூடியது 2.9 வீதம்தான். அதே பிராந்தியத்தின் வடக்கே, முன்பு வெறும் வயலாகக் கிடந்த கிழக்கு குவில்லிம்பரி 44 வீதம் கூடியது. விலை கட்டுப்படியாகாதவன் இன்னும் வெளியே போகிறான், வளையம் அகல்கிறது.

அங்கேயும் அதுதான் நடக்கிறதோ என்று நினைக்கிறேன். எங்கள் பதினாறு பரப்பு வளவு, அதாவது ஒரு ஏக்கர், சகோதரிகளுக்குச் சீதனமாக நான்கு நான்காகப் பிரிந்தது; அதில் ஒரு துண்டை மருமகன் இரண்டு இரண்டு பரப்பாக விற்றுவிட்டார். இனிப் பிரிக்க இடமில்லை என்பதால் கோப்பாயும் கைதடியும் தேடப்படுகின்றன. இங்கே தொகைமதிப்பில் ஐந்து ஆண்டுகளுக்கு முன் எங்கே குடியிருந்தீர்கள் என்று ஒரு பகுதியினரிடம் கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியை உங்கள் ஊரில் நீங்களே கேட்டால், வந்தவர் யார், பிறந்தவர் யார் என்பது பிரிந்துவிடும்.

ஆசிரியை சொன்ன பூட்டிய வீடுகளில் ஒன்று என்னுடையதாகவும் இருக்கலாம். மறுக்கவில்லை.

மறுமொழி: ஓய்வுபெற்ற புள்ளிவிபர உத்தியோகத்தர்

விட்டுப்போன ஒன்று. வாக்காளர் தொகையைப் பார்த்துத்தான் பாராளுமன்ற ஆசனங்கள் பகிரப்படுகின்றன. கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள், 2015இல் 7, 2024இல் 6. பூட்டிய வீட்டுக்கு வாக்கு இல்லை.

கேள்வி கேட்டவர்: கோண்டாவில் வாசி

ஐயாவுக்கும் ரீச்சருக்கும் மார்க்கத்து அண்ணைக்கும் நன்றி. நான்கு பக்கத்தையும் மாவட்டக் கணக்கால் நிரப்பும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். நிலையத்துப் பொடியன்களோடு பேசி, எங்கள் ஐந்து ஒழுங்கைகளிலும் மூன்றே கேள்விகளோடு வீடு வீடாகப் போவது என்று முடிவு செய்திருக்கிறோம்: இன்று இந்த வீட்டில் எத்தனை பேர், அட்டையில் எத்தனை பேர், 2012இல் எங்கே இருந்தீர்கள். ரீச்சரிடம் ஒன்று கேட்க வேண்டும்: திறப்பு வைத்திருக்கும் அம்மா தரும் விபரத்தை அந்த வீட்டுக்காரரின் விபரமாக எழுதலாமா, அல்லது அந்த வீட்டை வெறுமையென்றே குறிக்க வேண்டுமா?