'எ சிட்டி ஆஃப் சேட்னஸ்': மொழி தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, ஹௌ சியாவ்-சியென் இயக்கிய இந்தத் தைவான் படத்தை (1989) அடுத்த மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் திரையிட்டு நான் பேச வேண்டும்.

1947 பிப்ரவரி இறுதியில், தைப்பேயில் கள்ள சிகரெட் விற்ற விதவையை அரசு ஆட்கள் அடித்ததில் வெடித்த போராட்டத்தை ராணுவம் ஒடுக்கியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 1987-இல் ராணுவச் சட்டம் நீங்கும்வரை அதை வெளிப்படையாகப் பேசவே முடியாது. இரண்டே ஆண்டில் இந்தப் படம் பேசியது. அதுவும் எப்படி! டோனி லியுங் இதில் காது கேளாத, பேச்சு வராத புகைப்படக்காரர், எழுதிக்காட்டித்தான் உரையாடுவார். ரயிலில், சீனப் பெருநிலத்திலிருந்து வந்தவர்களைத் தேடும் தைவானியக் கும்பல் ஒன்று அவரை மறித்து எந்த ஊர் என்று கேட்கும் காட்சியில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. வாய் திறக்க முடியாதவர் தான் யார் என்று எப்படி நிரூபிப்பார்?

என் சிக்கல் இங்கேதான். படத்தில் தைவானியம், மாண்டரின், ஜப்பானியம், கான்டனீஸ், ஷாங்காய் மொழி எல்லாம் வருகின்றன. ஆங்கில சப்டைட்டிலில் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. யார் யாரிடம் எதில் பேசுகிறார்கள் என்பதில்தான் அரசியலே இருக்கிறது.

பினாங்கு, சிங்கப்பூர் நண்பர்களே, ஹொக்கியன் (தைவானியத்துக்கு நெருங்கிய சீன மொழி) கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தைவானியம் ஓரளவு பிடிபடும் இல்லையா? ரயில் காட்சியையும், குடும்பம் சாப்பிட அமரும் காட்சிகளையும் மட்டும் பார்த்து, எங்கே மொழி மாறுகிறது என்று குறித்துத் தர முடியுமா?