தர்மபுரி பக்கம் பழைய பென்ஸ் சன்ரூஃப் ரிப்பேர் பார்க்க நம்பகமான கடை எது?

கேள்வி (தர்மபுரி)
வணக்கம். வண்டி 1996 மெர்சிடிஸ் டபிள்யூ124, இ220. கூரையில திறந்து மூடற, தகடு வெச்ச எலக்ட்ரிக் சன்ரூஃப். சுவிட்சை அழுத்தினா பாதி வந்து, இடது பக்கம் பின்தங்கி கோணலா நிக்குது. மோட்டார் சத்தம் மட்டும் கேக்குது. மழை பெஞ்சா டிரைவர் காலடியில தண்ணி. சிலிக்கான் போட்டு அடைச்சிடலாம்னு சொல்றாங்க. கிருஷ்ணகிரி, ஓசூர் வரைக்கும் கொண்டுபோகத் தயார். யாரை நம்பலாம்?

பதில் (ஓசூர்)
சிலிக்கான் வேண்டவே வேண்டாம் சார். சன்ரூஃப் ஓரத்து ரப்பர் தண்ணியை முழுசா தடுக்கறதுக்கு இல்ல. உள்ள இறங்கற தண்ணி சுத்தியிருக்கற வாய்க்கால்ல விழுந்து, நாலு மூலைக் குழாய் வழியா கீழ போயிடணும். சிலிக்கான் எங்கயாவது விட்டுச்சுன்னா, புகுந்த தண்ணி உள்ளயே நின்னு தகட்டை அரிச்சிடும்.

உங்களுக்கு ரெண்டும் தனித்தனி கோளாறு. ஒழுகறது குழாய் அடைப்பு. புளியமரத்தடியில நிறுத்தற வண்டியில இது சகஜம். முன் மூலை ஓட்டையில மெதுவா 100 மில்லி தண்ணி ஊத்துங்க. கதவு கீல் பக்கம் வடியலைன்னா அடைப்புதான். புல் வெட்டற மிஷினோட 2 மி.மீ. நைலான் கம்பியை நுனி மழுக்கி உள்ள விடுங்க. கம்ப்ரஸர் காத்து அடிக்காதீங்க, உள்ள குழாய் கழண்டுக்கும். அப்புறம் கூரையோட உள்பக்க லைனிங்கை இறக்காம மாட்டவே முடியாது.

கோணலுக்குக் காரணம் தகட்டை இழுக்கற அந்தப் பக்க கேபிள் தேய்ஞ்சிருக்கும், இல்லன்னா தகட்டைத் தாங்கி நகர்த்தற கைடு உடைஞ்சிருக்கும். இனி சுவிட்சைத் தொடாதீங்க, நல்லா இருக்கற பக்கமும் வளைஞ்சிடும்.

பதில் (கிருஷ்ணகிரி)
கடை பேரை விட கேள்விதான் முக்கியம்ங்க. முதல்ல, "மோட்டார் எங்க இருக்கு?"ன்னு கேளுங்க. இந்த மாடல்ல டிக்கியில, பக்கவாட்டு அட்டைக்குப் பின்னால இருக்கு. கூரையில தேடறவர் இதைப் பிரிச்சதே இல்ல. அடுத்து, கேபிளை ஒரு பக்கம் மட்டும் மாத்தறேன்னு சொன்னா கிளம்பிடுங்க. ஜோடியா மாத்தி, ரெண்டு கைடும் ஒரே அளவுல நிக்கும்போதுதான் மோட்டாரைப் பூட்டணும். தகட்டைக் கழட்ட மொத்த லைனிங்கையும் இறக்கணும்னு சொல்றவரும் வேண்டாம். தகட்டோட அடி லைனிங் கிளிப்பை விடுவிச்சு பின்னால தள்ளினாலே போல்ட் தெரியும்.

மோட்டார் ரீவைண்டிங் நம்ம ஊர்லயே ஆகும். ஆனா அதுக்கு முன்னாடி இன்ஜின் ஓடும்போது மோட்டார் ப்ளக்குல வோல்ட் பாருங்க. 12க்கு கீழ இறங்கினா வயரிங், சுவிட்ச் கோளாறு. மோட்டார்ல இருக்கற ஸ்லிப் கிளட்ச்சை இறுக்கி ஓட்டிக் காட்டறதை அனுமதிக்காதீங்க. சிக்கின இடத்துல வழுக்கி, மத்ததைக் காப்பாத்தத்தான் அது இருக்கு. கேபிள், கைடு பெங்களூரு ஜே.சி. ரோட்ல பழைய பென்ஸ் பாகம் விக்கறவங்ககிட்ட கேளுங்க. கழட்டின பழசை கையோட கொண்டுபோங்க.

கேள்வி (தர்மபுரி)
நன்றி அண்ணா. அதுவரைக்கும் மூடி வெக்க வழி இருக்கா? என்ன கிரீஸ் போடறது?

பதில் (கிருஷ்ணகிரி)
சாவியை எடுத்துட்டு, டிக்கி மோட்டார்ல கையால சுத்தற கிராங்க் போட்டு மெதுவா மூடுங்க. பின்தங்கின பக்கத்தை இன்னொருத்தர் உள்ளங்கையால முன்னால தள்ளிக் குடுக்கணும். இறுகினா நிறுத்திட்டு தார்ப்பாய் போடுங்க. தகடு ஓடற ரயில்ல பழைய பிசினை மண்ணெண்ணெய் தொட்ட துணியால துடைச்சு, டெஃப்லான் கலந்த சிந்தெடிக் கிரீஸ் மெல்லிசா. ரப்பருக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். வீல் பேரிங் கிரீஸ் லைனிங்ல பட்டா கறையாகும்.

வேலை முடிஞ்சதும் தகட்டோட முன் விளிம்பு கூரையை விட 1 மி.மீ. இறங்கி, பின் விளிம்பு சமமா இருக்கான்னு தடவிப் பாருங்க. முன்னால தூக்கியிருந்தா நெடுஞ்சாலையில காத்து இரையும்.