அணுவுலை டோம் உடையாது, சரி. அப்புறம் ட்ரோனுக்கு ஏன் இவ்வளவு பயம்?

தென்றல்செல்வி:

மின்சாரத் திரியில் நேற்று ஒருவர், "கல்யாண வீட்டில் பறக்கிற பொம்மை அணுவுலையை என்ன செய்துவிடும்?" என்று கேட்டார். பத்துப் பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அதனால் தனித் திரி.

2014 அக்டோபரில் பிரான்சில் க்ரே-மால்வில், பூஜே, கத்தெனோம், கிராவ்லின், நோழான் என்று வரிசையாக அணுமின் நிலையங்களின் மேல் ட்ரோன்கள் பறந்தன. நிலையங்களை நடத்தும் இடிஎஃப் நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது. ஒரே நாளில் நாட்டின் வெவ்வேறு மூலைகளில் நான்கு நிலையங்கள் மேல் பறந்ததும் உண்டு. அங்கே நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள், 1,000 மீட்டர் உயரத்துக்குக் கீழே எதுவும் பறக்கக் கூடாது என்பது சட்டம். 2019 செப்டம்பர் 29 இரவு அமெரிக்காவின் அரிசோனாவில் பாலோ வெர்டே நிலையத்தின் மூன்றாம் உலைப் பக்கம் ஐந்தாறு ட்ரோன்கள் வட்டமடித்தன. மறுநாள் இரவும் வந்தன. 2022 ஜனவரியில் சுவீடனின் ஃபோர்ஸ்மார்க்கில் அதே கதை, விசாரணை உளவுப் பாதுகாப்புப் போலீஸ் வரை போனது.

யார் விட்டார்கள் என்பது பெரும்பாலும் வெளியே வரவே இல்லை. காவல் மிகுந்த இடத்துக்கு மேல் வந்து, நின்று, பார்த்துவிட்டு, யாரிடமும் மாட்டாமல் திரும்பிப் போக முடிகிறது. இது சிரிக்கிற விஷயமா?

பறவைப்பார்வை:

சிரித்தவர்களில் நானும் ஒருவன். ட்ரோன் ஓட்டித்தான் எனக்குச் சோறு. கல்யாணம், கோயில் கும்பாபிஷேகம், ரியல் எஸ்டேட் வீடியோ எல்லாம் எடுக்கிறேன்.

என் கையிலிருப்பது ஒரு கிலோவுக்குக் கீழே. பேட்டரி அரை மணி நேரம், கடற்கரைக் காற்றில் அதுவும் இல்லை. கூடுதலாகக் கால் கிலோ கட்டினாலே தள்ளாடும். அணுவுலையைச் சுற்றியிருக்கும் கான்கிரீட் உறையோ, அதாவது டோம், ஒரு மீட்டர் கனத்தில் கம்பி முறுக்கிக் கட்டியது. எஃப்-4 போர் விமானத்தை மணிக்கு 775 கிலோமீட்டர் வேகத்தில் கான்கிரீட் சுவரில் மோதவிட்ட 1988 அமெரிக்க வீடியோவைப் பாருங்கள். விமானம் பொடிப்பொடி, சுவர் நிற்கிறது. 2024 ஏப்ரலில் உக்ரைனின் ஜாப்போரிஷியாவில் ஆறாம் உலையின் டோம் மேலேயே ட்ரோன் வந்து வெடித்தது. உலையின் பாதுகாப்புக்கு ஆபத்தில்லை என்று சர்வதேச அணுசக்தி முகமை ஆட்களே நேரில் பார்த்துச் சொன்னார்கள்.

இன்னொன்று, "ட்ரோன் பார்த்தேன்" என்கிற சாட்சியத்தை நான் பாதிதான் நம்புவேன். 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தை ட்ரோன் என்று சொல்லி மூடினார்கள். ஏறக்குறைய ஆயிரம் விமானங்கள் பாதிப்பு, ஒன்றே கால் லட்சத்துக்கும் மேல் பயணிகள் நடுத்தெருவில். கடைசியில் ட்ரோன் இருந்ததா என்பதே சந்தேகம் என்று போலீசே ஒரு கட்டத்தில் சொன்னது. 2024 கடைசியில் நியூ ஜெர்சியில் ஊரே வானத்தை அண்ணாந்து பார்த்துப் புகார் கொடுத்தது. எஃப்பிஐக்கு வந்த ஐயாயிரம் தகவல்களில் விசாரிக்கத் தகுந்தவை ஏறக்குறைய நூறுதான். மீதி பெரும்பாலும் விமானமும் நட்சத்திரமும்தான்.

கொதிகலன்:

தம்பி, அந்த எஃப்-4 வீடியோவை எல்லாரும் எடுத்துக்காட்டாக இழுப்பார்கள். அந்தச் சுவரின் கனம் 3.66 மீட்டர், அதாவது பன்னிரண்டு அடி. தரையோடு பிணைக்கப்படாமல் நகரும்படி வைத்திருந்தார்கள். மோதல் விசை எவ்வளவு என்று அளக்கத்தான் அந்தச் சோதனை. அணுவுலை உறை தாங்குமா என்று பார்க்கச் செய்ததில்லை. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

ஆனால் உங்கள் முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. சின்ன ட்ரோன் டோமை உடைக்காது. நான் அனல்மின் நிலையத்தில் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் கண் எப்போதும் வெளி யார்டு மேலேதான் இருக்கும்: டிரான்ஸ்பார்மர், நிலையத்தை வெளி லைன்களோடு இணைக்கும் ஸ்விட்ச்யார்டு, உள்ளே வரும் லைன்கள். அங்கே கான்கிரீட் டோம் கிடையாது. கம்பி வேலியும் ஜல்லியும்தான்.

அணுவுலையில் அது ஏன் முக்கியம்? அனல்மின் நிலையத்தில் கரியை நிறுத்தினால் நெருப்பு அணைந்துவிடும். அணுவுலை நின்ற கணத்திலும் முழு வெப்பத்தில் ஆறு ஏழு சதவீதம் மிஞ்சியிருக்கும். 3,000 மெகாவாட் வெப்பம் தரும் உலைக்கு அது 200 மெகாவாட். ஒரு நாள் கழித்தும் அரை சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதைத் தண்ணீர் ஓட்டி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், தண்ணீர் ஓட மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும். புகுஷிமாவில் 2011இல் நடந்தது இதுதான். நிலநடுக்கம் வெளி லைனை வெட்டியது, சுனாமி டீசல் ஜெனரேட்டரை மூழ்கடித்தது.

2025 ஆகஸ்டில் ரஷ்யாவின் கூர்ஸ்க் நிலையத்தில், சுட்டு வீழ்த்தப்பட்ட ட்ரோன் விழுந்து வெடித்ததில் துணை டிரான்ஸ்பார்மர் ஒன்று சேதமானது. மூன்றாம் உலையைப் பாதித் திறனுக்குக் குறைத்தார்கள். யாரும் டோமைத் தொடவே இல்லை.

பறவைப்பார்வை:

ஐயா, கூர்ஸ்கில் வந்தது வெடிகுண்டு சுமந்த போர் ட்ரோன். இந்தத் திரியில் பேச்சு சின்ன ட்ரோனைப் பற்றி. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் குலுக்கினால் நான் என்ன சொல்வது?

அதுவும் கூர்ஸ்கில் என்ன ஆனது? பாதித் திறனுக்குக் குறைத்தார்கள், கதிர்வீச்சு ஏறவில்லை, அவ்வளவுதான். அமைப்பு வேலை செய்தது என்றுதான் நான் படிக்கிறேன். ஜாப்போரிஷியாவில் 2025 செப்டம்பர் 23இல் வெளி மின்சாரம் பத்தாவது முறையாக அறுந்து, ஒரு மாதம் முழுக்க டீசலில் ஓடியது. ஒன்றும் வெடிக்கவில்லையே?

கொதிகலன்:

ஜாப்போரிஷியாவின் ஆறு உலைகளும் 2022 செப்டம்பரிலிருந்து மின்சாரம் தயாரிக்காமல் நிறுத்தப்பட்டவை. மூன்று வருடம் ஆறிப்போன எரிபொருள். ஓடிக்கொண்டிருக்கிற உலையில் ஒரு மாதம் டீசலை நம்பி உட்கார எந்த ஷிப்ட் இன்ஜினியருக்கும் மனசு வராது.

முத்துராமன்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். கூடங்குளத்தில் இதெல்லாம் எப்படி?

நெய்தல்:

கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலைகளும் ரஷ்ய வடிவமைப்பு, விவிஇஆர்-1000 என்ற ரகம், இரட்டைச் சுவர் உறை. கொதிகலன் ஐயா சொன்ன கரண்ட் பிரச்சினைக்கு அங்கே ஒரு பதில் உண்டு. மின்சாரமே இல்லாவிட்டாலும் மீதி வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கடத்துகிற அமைப்பை வைத்திருக்கிறார்கள், பம்ப் தேவையில்லை. எல்லா நாட்டுப் பழைய உலைகளுக்கும் இந்த வசதி கிடையாது. அதனால் "அணுமின் நிலையம்" என்று பொதுவாகப் பேசுவதே கொஞ்சம் வழுக்கல்.

பறவைப்பார்வை:

அதே கூடங்குளத்தில் 2019இல் நிர்வாகக் கணினிக்குள் வைரஸ் புகுந்தது. முதலில் மறுத்தார்கள், அடுத்த நாளே ஒப்புக்கொண்டார்கள். உலையை இயக்கும் பிணையம் தனி, அதைத் தொடவில்லை என்றார்கள், சரி. நான் சொல்ல வருவது, ட்ரோன் இல்லாமலேயே வேலி தாண்டிவிட்டார்கள். எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

லியோன்வாசி:

பிரான்சிலிருந்து எழுதுகிறேன். பூஜே நிலையம் எங்கள் ஊரிலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். குளிர்காலத்தில் குளிர்விப்புக் கோபுரங்களின் ஆவி தூரத்திலிருந்தே தெரியும். 2019இல் 10 கிலோமீட்டராக இருந்த அவசர வளையத்தை 20 ஆக்கியபோது எங்கள் வீட்டுக்கும் கடிதம் வந்தது. மருந்துக்கடையில் காட்டினால் அயோடின் மாத்திரை இலவசம். சமையலறை இழுப்பறையில் பாரசிட்டமாலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அறுபது லட்சம் யூரோ வீட்டுக்காரனும் அதே மாத்திரைதான், நானும் அதேதான்.

2018 ஜூலை 3 அன்று சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ்காரர்கள் சூப்பர்மேன் உருவத்தில் செய்த ட்ரோனைப் பூஜேவில் எரிபொருள் குளம் இருக்கும் கட்டடச் சுவரில் மோதவிட்டார்கள். அவர்களே வீடியோவும் போட்டார்கள். எரிந்து முடித்த எரிகோல்கள் தண்ணீருக்குள் கிடக்கும் இடம் அது. அதன் சுவர் டோமைப் போல் தடிமனில்லை என்பதுதான் அவர்கள் வாதம். இடிஎஃப், "கட்டடம் உறுதியானது, பாதுகாப்புக்குப் பாதிப்பில்லை, வந்த இரண்டில் ஒன்றைப் போலீஸ் தடுத்தது" என்றது. எங்கள் வேலையிடத்தில் அன்றைக்குப் பேச்சு பூராவும் அந்த இரண்டாவதைப் பற்றித்தான். ஒன்றைத் தடுத்தார்கள், சிவப்பு மேலாடை போட்ட இன்னொன்று சுவர் வரை போய்விட்டது.

பறவைப்பார்வை:

சுவரில் மோதி நொறுங்கியது பொம்மை. சுவருக்குக் கீறல்கூட இல்லை. நீங்கள் என் கட்சிக்கு வாதாடுகிறீர்கள்.

லியோன்வாசி:

சுவர் வரை வர முடிந்தது என்பதுதான் என் கட்சி.

வழக்குக்கட்டு:

எல்லாரும் கான்கிரீட்டையே அளந்துகொண்டிருக்கிறீர்கள். பாலோ வெர்டேயில் அந்த இரவு துப்பாக்கியோடு நின்ற காவலாளி ஏன் சுடவில்லை என்று யாரும் கேட்கவில்லையே.

அமெரிக்கச் சட்டப்படி ட்ரோனும் விமானம்தான். விமானத்தைச் சேதப்படுத்தினால் 20 வருடம் வரை சிறை. ட்ரோனின் ரேடியோ தொடர்பைக் குலைக்கும் ஜாமர் போடுவதும் தனியாருக்குக் குற்றம். அந்த நாட்டில் அணுமின் நிலையக் காவலர்கள் தனியார் ஊழியர்கள். ராணுவம், எரிசக்தித் துறை போன்ற சில அரசு அமைப்புகளுக்குத்தான் அந்த அதிகாரம் இருந்தது. ஆகவே கீழே நின்றவர்கள் பார்த்தார்கள், குறித்துக்கொண்டார்கள், போன் செய்தார்கள். போலீஸ் வருவதற்குள் ட்ரோன் எங்கேயோ.

அதைவிட சுவாரசியம் அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் நிலை. சந்தையில் கிடைக்கும் ட்ரோன்களால் நிலையங்களுக்குப் பெரிய ஆபத்தில்லை, எனவே அவற்றைத் தடுக்கும் கடமையை நிறுவனங்கள் மேல் சுமத்தத் தேவையில்லை என்று ஒரு ஆய்வை வைத்து அதே 2019இல் முடிவு செய்தார்கள். எதிரி நாட்டுத் தாக்குதலிலிருந்து காப்பது நிறுவனத்தின் வேலை இல்லை என்று தனி விதியே உண்டு. அப்போது இதெல்லாம் யார் வேலை? நிறுவனம் அரசைக் கைகாட்டும், அரசு ஆய்வறிக்கையைக் கைகாட்டும்.

பறவைப்பார்வை:

அந்த ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் வக்கீல் சார். மேலிருந்து படம் எடுத்துத் தெரிந்துகொள்ளக் கூடியது எதுவானாலும், எதிரிக்கு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துத்தான் காவல் திட்டமே போடுகிறார்கள். உள்ளே இருக்கிற ஆளே காட்டிக்கொடுப்பான் என்று எண்ணித்தான் திட்டம். நியாயமான அணுகுமுறைதானே?

வழக்குக்கட்டு:

காகிதத்தில் நியாயம். கட்டடம் எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் படம் காட்டும். அலாரம் அடித்தால் எந்தக் கதவிலிருந்து எத்தனை பேர், எவ்வளவு நேரத்தில் ஓடி வருகிறார்கள் என்பதை அது காட்டாது. மேலே நின்று பார்க்கிறவனுக்கு அது தெரியும். அடுத்தடுத்த இரவு ஒரே இடத்துக்கு வந்தது ஏன் என்று எனக்கு உறுத்துகிறது.

நம் ஊர்ச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021 ட்ரோன் விதிகளில் சிவப்பு மண்டலம் எனப்படும் பறக்கத்தடைப் பகுதிக்குள் அனுமதியின்றிப் பறந்தால் அந்த விதிகளின்படி அபராதம் அதிகபட்சம் ஒரு லட்சம். வேறு சட்டங்கள் தனியாகப் பாயும் என்றாலும், இந்தத் தொகை ஒரு நல்ல ட்ரோனின் விலைகூட இல்லை.

பறவைப்பார்வை:

விதி பாய்வது யார் மேல் என்று எங்களைக் கேளுங்கள். திருவிழாப் படம் எடுக்கப் போன இடத்தில் முறையான காகிதம் கையிலிருந்தும் என் ட்ரோனைப் பிடுங்கி மூன்று வாரம் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். கெடுதல் செய்ய வருபவன் பதிவு எண் ஒட்டிக்கொண்டு வரப்போவதில்லை. கம்பெனிகளே போட்டிருந்த பறக்கத்தடைப் பூட்டையும் சீன ட்ரோன் கம்பெனி டிஜேஐ 2025 ஜனவரியில் அமெரிக்காவில் எடுத்துவிட்டது. இப்போது எச்சரிக்கை மட்டும் வரும், ஓகே அழுத்தினால் பறக்கலாம். சொந்தமாகப் பாகம் வாங்கி இணைத்தவனுக்கு அந்த எச்சரிக்கையும் இல்லை.

தென்றல்செல்வி:

அப்படியென்றால் ஆபத்து கூடியிருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள்.

பறவைப்பார்வை:

தடை போட்டுப் பிடிக்க முடியாது என்கிறேன், அது வேறு. ஜாமரும் முழுத் தீர்வில்லை. உக்ரைன் போர்முனையில் இப்போது கண்ணாடி இழைக் கம்பியை இழுத்துக்கொண்டே பறக்கிற ட்ரோன்கள் வந்துவிட்டன. ரேடியோவே கிடையாது, எதை ஜாம் செய்வீர்கள்?

கொதிகலன்:

அதனால்தான் நான் வானத்தை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்கச் சொல்கிறேன். உக்ரைன்காரர்கள் துணைமின் நிலையங்களில் டிரான்ஸ்பார்மரைச் சுற்றி மண்மூட்டை, கற்கூடை, மேலே கான்கிரீட் கூரை என்று கட்டியிருக்கிறார்கள். யார் விட்டது, எதற்கு விட்டது, சின்னதா பெரியதா என்று ஆராய வேண்டாம். புயலில் தகரம் பறந்து வந்து விழுந்தாலும் அதே கூரை காக்கும். பெரிய டிரான்ஸ்பார்மர் ஆர்டர் கொடுத்தால் வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். கூரை அதைவிட மலிவு.

லியோன்வாசி:

செர்னோபிலையும் மறக்கவேண்டாம். 2025 பிப்ரவரி 14 விடியற்காலையில் அந்தப் பழைய உலையை மூடியிருக்கும் பிரம்மாண்ட எஃகு வளைவில் ட்ரோன் மோதியது. 108 மீட்டர் உயரம், கட்ட ஆன செலவு ஒன்றரை பில்லியன் யூரோ. துளை 15 சதுர மீட்டர்தான். ஆனால் கூரையின் உள்ளடுக்கு வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருந்தது. எங்கே புகைகிறது என்று தேடித் தேடி, வெளித்தகட்டை முந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் வெட்டித் திறந்து தண்ணீர் அடித்தார்கள். வெளியே கதிர்வீச்சு ஏறவில்லை. அந்த டிசம்பரில் சர்வதேச முகமை, கவசம் தன் முக்கியப் பாதுகாப்புத் திறனை இழந்துவிட்டது என்றது.

பறவைப்பார்வை:

செர்னோபிலில் மோதியது ஷாஹெத் ரகப் போர் ட்ரோன். 200 கிலோ எடை, 50 கிலோ வெடிமருந்து. மறுபடியும் என் பொம்மையோடு சேர்க்கிறீர்கள்.

கொதிகலன் ஐயா சொன்ன கூரைக்கு என் ஓட்டு உண்டு. அதைக் கட்டுங்கள். 5 கிலோமீட்டர் வட்டத்தில் கல்யாண மண்டபம் வந்தால் அங்கேயும் என் பெட்டியைத் திறக்கச் சொல்லாதீர்கள்.

வழக்குக்கட்டு:

கூரைச் செலவை நிறுவனம் மின்கட்டணத்தில் ஏற்றலாமா, அரசு கொடுக்குமா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கொதிகலன்:

ஸ்விட்ச்யார்டு யாருடையது என்பதைப் பொறுத்தது. பல இடங்களில் வேலிக்கு இந்தப் பக்கம் நிலையம், அந்தப் பக்கம் கிரிட் கம்பெனி. இருவரும் மற்றவர் கட்டட்டும் என்பார்கள். நாளைக்கு வந்து எழுதுகிறேன், இங்கே கரண்ட் போய்விட்டது, போனில் பத்து சதவீதம்தான் இருக்கிறது.