22 பேர் பேண்டு: ஃப்ளெக்ஸ் நோட்ஸா, முழு செட்டா?

வேப்பேரி_கிளாரினெட்

விஷயம் இதுதான். சென்னையில் ஒரு பள்ளி பேண்டு, ஆண்டு விழாவுக்கு இன்னும் 4 மாதம். ஆட்கள்: புல்லாங்குழல் 3, கிளாரினெட் 6, ஆல்டோ சாக்ஸ் 4, டெனர் சாக்ஸ் 1, ட்ரம்பெட் 4, ட்ராம்போன் 1, யூஃபோனியம் 1, டிரம்ஸ் பக்கம் 2. டியூபா கிடையாது, ஹார்ன் கிடையாது, ஓபோவும் பஸூனும் கிடையவே கிடையாது. பெரும்பாலும் இரண்டாம் வருடப் பிள்ளைகள். விழா ஆரம்பத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, முடிவில் தேசிய கீதம், நடுவே 2 உருப்படி. அந்த இரண்டுக்கும்தான் நோட்ஸ் வாங்க வேண்டும்.

என் கட்சி: இரண்டுமே ஃப்ளெக்ஸ் செட்டாக இருக்கட்டும். பழக்கம் இல்லாதவர்களுக்கு: ஃப்ளெக்ஸ் என்றால் பாட்டை 5 குரலாகப் பிரித்து, ஒவ்வொரு குரலையும் பல வாத்தியங்களுக்கும் தனித்தனியாக டிரான்ஸ்போஸ் செய்து (அந்தந்த வாத்தியத்தின் சுருதிக்கு மாற்றி எழுதி) அச்சிட்ட செட். முதல் குரல் புல்லாங்குழல், கிளாரினெட், ட்ரம்பெட்டுக்கு. ஐந்தாவது பேஸ் வாத்தியங்களுக்கு. யார் வந்தாலும் வராவிட்டாலும் 5 குரலும் ஒலித்தால் பாட்டு முழுசாக நிற்கும். முழு கான்சர்ட் பேண்டு செட்டில் 20-க்கும் மேற்பட்ட பார்ட் (வாத்தியத்துக்கான தனித் தாள்) இருக்கும். இந்த பேண்டில் அதில் பாதி உறையிலேயே தூங்கும்.

பெரம்பூர்_பேஸ்

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிரேடு 1 (கடினத்தில் ஆரம்ப நிலை), அதிகம் போனால் ஒன்றரை, அந்த அளவில் முழு செட் வாங்குங்கள். அந்த கிரேடில் எழுதுகிறவர்கள் ஆள் குறைந்த பள்ளிகளை நினைத்துத்தான் எழுதுகிறார்கள். ஹார்ன் வரி பெரும்பாலும் ஆல்டோ சாக்ஸிலும் இருக்கும், ஓபோ புல்லாங்குழலோடு போகும், பஸூனும் பேஸ் கிளாரினெட்டும் டியூபாவோடு போகும். உறையில் தூங்கும் பார்ட்டால் சத்தத்தில் ஓட்டை விழாது.

ஃப்ளெக்ஸில் எனக்குள்ள உண்மையான குறை கிளாரினெட்டைப் பற்றியது. நீங்களே கிளாரினெட் ஆள், கவனியுங்கள். ஒரே குரலை ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் வாசிக்க வேண்டுமென்றால், இருவருக்கும் பொதுவான எல்லைக்குள் எழுத வேண்டும். இரண்டாம் வருட ட்ரம்பெட்டுக்கு அது எழுத்தில் நடு சி முதல் மேலே டி வரை. அந்த எல்லையின் மேல் பாதியில்தான் கிளாரினெட்டின் ‘பிரேக்’, அதாவது கீழ்ப்பகுதியிலிருந்து மேல்பகுதிக்குத் தாவும் இடம், உட்கார்ந்திருக்கிறது. ஜி, ஏ, பி ஃப்ளாட் மூன்றும் மெலிந்த ஒலி. ஏ-யில் கிட்டத்தட்ட எல்லாத் துளையும் திறந்திருக்கும். அடுத்த பி-க்கு அத்தனையும் மூட வேண்டும். பிள்ளை அந்த ஒரு அடிக்குத் தடுமாறி, ஒவ்வொரு தடவையும் அரைத் துடிப்பு பிந்தும். கீழே இ முதல் பி வரை உள்ள கனமான, இனிமையான பகுதியோ பயன்படவே படாது. முழு செட்டில் இரண்டாம், மூன்றாம் கிளாரினெட்டுக்கு அந்தக் கீழ்ப்பகுதியில்தான் எழுதியிருப்பார்கள். 6 கிளாரினெட் வைத்துக்கொண்டு அதை விடுவது அநியாயம்.

வேப்பேரி_கிளாரினெட்

பிரேக் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் எல்லா ஃப்ளெக்ஸும் அப்படி இல்லை. வாங்குமுன் ஸ்கோரை (நடத்துநரின் தாளை) மட்டும் பார்த்தால் போதாது, ஏனென்றால் ஃப்ளெக்ஸ் ஸ்கோரில் பெரும்பாலும் குரல்கள் மட்டும்தான் இருக்கும். இரண்டாம் குரலின் கிளாரினெட் தாளையும் ட்ரம்பெட் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் அச்சு அசல் ஒன்றாக இருந்தால் அந்த செட் வேண்டாம். கிளாரினெட்டை ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) இறக்கியிருந்தால், எழுதியவருக்கு வாத்தியம் தெரிந்திருக்கிறது.

இப்போது உங்கள் பக்கத்தின் ஓட்டைக்கு வருவோம். டியூபா இல்லாத பேண்டில் கிரேடு 1 முழு செட்டைப் போட்டால் பேஸ் வரியை யார் வாசிப்பது? அந்த கிரேடில் ட்ராம்போனும் யூஃபோனியமும் பெரும்பாலும் ஒரே வரி. பேஸைச் சுமக்க வேண்டிய டியூபா, பேரிடோன் சாக்ஸ், பேஸ் கிளாரினெட், பஸூன் நாலும் இங்கே இல்லை. பி ஃப்ளாட் கார்டில் (பி ஃப்ளாட், டி, எஃப் சேர்ந்து ஒலிப்பது) டியூபாவிடம் பி ஃப்ளாட், ட்ராம்போனிடம் எஃப் என்று வையுங்கள். டியூபா போனதும் அடியில் நிற்பது எஃப். அது இரண்டாம் இன்வெர்ஷன், அதாவது கார்டின் ஐந்தாம் சுரம் அடியில் நிற்கும் அமைப்பு. பாட்டு முடிகிற இடத்தில் அது வந்தால் முடிந்த மாதிரியே இருக்காது, அந்தரத்தில் தொங்கும். பிள்ளைகள் சரியாக வாசித்தும் “ஏதோ இடிக்கிறது” என்று பெற்றோர் சொல்வது இதனால்தான்.

பெரம்பூர்_பேஸ்

பேஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அந்த ஓட்டை ஃப்ளெக்ஸிலும் உண்டு. ஐந்தாம் குரலுக்கு அங்கேயும் ஆள் இல்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பேஸ் கிடார் அல்லது கீபோர்டு. பள்ளியில் பேஸ் கிடார் வாசிக்கும் பையன் ஒருவன் கட்டாயம் இருப்பான்.

ஒரு எச்சரிக்கை. டியூபா வரி எழுதியபடியே ஒலிக்கும். பேஸ் கிடாரோ எழுதியதை விட ஓர் ஆக்டேவ் கீழே ஒலிக்கும். டியூபா தாளை அப்படியே கையில் கொடுத்தால், இரண்டு துணைக்கோட்டுக்குக் கீழே உள்ள பி ஃப்ளாட்டைப் பார்த்து அவன் திகைப்பான். அவன் வாத்தியத்தில் அது இல்லை. “ஓர் ஆக்டேவ் மேலே படி” என்று சொல்லுங்கள். ஏ கம்பியில் முதல் ஃப்ரெட், அதுதான் டியூபாவின் அதே பி ஃப்ளாட். சுருதி துல்லியமாகப் பொருந்தும்.

யூஃபோனியத்தையும் பேஸோடு சேர்க்கலாம், ஆனால் டியூபா வரியை ஓர் ஆக்டேவ் மேலே வாசிக்கச் சொல்லுங்கள். 3 வால்வு யூஃபோனியம், டியூபாவின் ஆழத்துக்கு இறங்காது.

இன்னொன்று: நம்மூரில் இரட்சணிய சேனை வழி பித்தளை மரபில் கற்றவர்கள் யூஃபோனியத்தை ட்ரெபிள் கிளெஃபில்தான் (ட்ரம்பெட் தாளில் உள்ள அதே சாவிக்குறி) படிப்பார்கள். செட்டில் அந்தத் தாள் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் டெனர் சாக்ஸ் தாளைக் கொடுங்கள், இரண்டுக்கும் டிரான்ஸ்போசிஷன் ஒன்றே. அதே மாதிரி, பழைய பேண்டு அலமாரியில் இ ஃப்ளாட் டெனர் ஹார்ன் கிடந்தால் ஆல்டோ சாக்ஸ் தாள் அப்படியே பொருந்தும். எஃப் ஹார்ன் தாள் பொருந்தாது, ஒரு முழு சுரம் மேலே மாற்றி எழுத வேண்டி வரும்.

தி_நகர்_ஸ்நேர்

ஊதுகிறவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், தட்டுகிறவர்களை யாரும் கேட்கவில்லை. கிரேடு 1 முழு செட்டே 5, 6 பேரைக் கேட்கும்: ஸ்நேர், பேஸ் டிரம், சிம்பல், ட்ரையாங்கிள், பெல்ஸ், டிம்பனி. இங்கே 2 பேர். எதை விடுவது என்று தெரியாமல் “ஒவ்வொன்றிலும் கொஞ்சம்” என்று ஓடினால் ஒத்திகையில் வாத்தியம் மாற்றும் நேரத்தில் தாளம் போய்விடும்.

ஸ்நேரும் பேஸ் டிரம்மும் ஒருவருக்கு, டிரம் செட்டில். இன்னொருவருக்கு சிம்பலும் ட்ரையாங்கிளும். பெல்ஸ் பெரும்பாலும் புல்லாங்குழல் மெட்டையே வாசிக்கும், விட்டாலும் நஷ்டமில்லை. டிம்பனி வரியை மட்டும் பேஸ் கிடார் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டியூபா சும்மா இருக்கும் பாரில் (தாளக் கட்டத்தில்) டிம்பனி தனியாக ஒலித்தால் அந்த சுரங்களைப் பென்சிலால் பேஸ் தாளில் எழுதிவிடுங்கள்.

கீபோர்டில் பேஸ் வாசிப்பதாக இருந்தால் ஒரு வார்த்தை. ஏசி இல்லாத அறையில் நம் வெயிலுக்கு ஊதும் வாத்தியம் எல்லாம் சுருதி ஏறும், கீபோர்டு 440 ஹெர்ட்ஸிலேயே (ஏ சுரத்தின் வழக்கமான அளவு) நிற்கும். கீபோர்டின் மாஸ்டர் ட்யூனை 442-க்கு ஏற்றிப் பாருங்கள். விழா நாளில் ஏசி அரங்கம் என்றால் அங்கேயே மறுபடி சரிபார்க்க வேண்டும்.

மயிலை_மோகனம்

மன்னிக்கவும், நீங்கள் மூவரும் நடு உருப்படிகளையே சுற்றி வருகிறீர்கள். சபை எழுந்து நின்று கேட்கப்போவது தமிழ்த்தாய் வாழ்த்தை. அதற்கு எந்த செட்டும் வேண்டாம், நாமே எழுதுவதுதான் முறை.

2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அரசு அறிவித்தபோதே முல்லைப்பாணி என்கிற மோகனம், திசிர நடை, 55 விநாடி என்று வரையறுத்திருக்கிறது. தேசிய கீதத்துக்கு 52 விநாடி. பாடும் பிள்ளைகளோடு பேண்டு சேர்ந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்தக் கட்டை, அதாவது ஸ எந்தச் சுரத்தில் என்பது. 2 கட்டை, அதாவது டி என்று வைத்தால் ஆல்டோ சாக்ஸ் 5 ஷார்ப்பில் மாட்டும், கிளாரினெட் 4 ஷார்ப்பில். அரைக் கட்டை ஏற்றி இரண்டரைக் கட்டை, இ ஃப்ளாட் என்று வையுங்கள். ஆல்டோவுக்கு சி, டி, இ, ஜி, ஏ. கிளாரினெட்டுக்கும் ட்ரம்பெட்டுக்கும் எஃப், ஜி, ஏ, சி, டி. ஒரு ஷார்ப் இல்லை, ஒரு ஃப்ளாட் இல்லை. பாடுகிறவர்களுக்கு அரைக் கட்டை பெரிய பாரமும் இல்லை. பேண்டு மட்டும் தனியாக வாசித்தால் ஆறரைக் கட்டையும் அதே போலச் சுலபம்.

ஹார்மனி போடுகிறவர்களிடம் ஒரு கெஞ்சல். மோகனத்தில் ம-வும் நி-யும் கிடையாது. வழக்கப்படி 1, 4, 5 கார்டு போட்டால் நான்காவது கார்டில் ம வரும், ஐந்தாவதில் நி வரும். மெட்டு மோகனம், அடியில் சங்கராபரணம் என்று ஆகிவிடும். ராகத்துக்குள்ளேயே அமையும் மூன்று சுரக் கார்டு இரண்டுதான்: ஸ-க-ப, த-ஸ-க. அவற்றோடு ஸ-ப சுருதியைப் பேஸில் நிறுத்தினாலே நிறைவாக இருக்கும்.

பெரம்பூர்_பேஸ்

மேடம், கார்டு விஷயத்தில் சின்ன மாறுபாடு. 55 விநாடியும் இரண்டே கார்டு என்றால் உள் குரல்காரர்களுக்கு நகரவே இடமில்லை. ரி-ப இரண்டையும் பேஸ் ப-வுக்கு மேல் வைத்தால் ஐந்தாவது கார்டின் உணர்வு வரும், நி தேவைப்படாது. மற்றபடி ராகத்தைக் கலைக்கக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று யாராவது ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் பேண்டுக்கு எழுதிய இ ஃப்ளாட் சூட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 1909-இல் எழுதியது, அவர் இறந்தது 1934, நம் சட்டத்தில் இறந்த பின் 60 ஆண்டு, எனவே மூலம் பொதுச்சொத்து. ஆனால் அது இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் சில வருடம் தள்ளி. தவிர, பழைய பாட்டை இந்தக் காலத்தில் எளிமையாக்கி வெளியிட்ட பதிப்புக்குத் தனி உரிமை உண்டு. மூலம் இலவசம் என்பதால் அந்தத் தாளை ஜெராக்ஸ் போடலாம் என்று அர்த்தமில்லை.

தி_நகர்_ஸ்நேர்

ஜெராக்ஸ் என்றதும் ஞாபகம். பிடிஎஃப்-ஆக வாங்கினால் எத்தனை பிரதி எடுக்கலாம் என்று உரிமக் குறிப்பில் இருக்கும், படித்துவிட்டு எடுங்கள். பேண்டு தாள்கள் பல 9-க்கு 12 அங்குலத்தில் இருக்கும். ஏ4-இல் அப்படியே அடித்தால் ஓரத்தில் சாவிக்குறி வெட்டுப்படும். 91 சதவீதத்துக்குச் சுருக்கச் சொல்லுங்கள். 100 ஜிஎஸ்எம் தாள் எடுங்கள், ஃபேன் காற்றுக்கு 75 நிற்காது. ஸ்டாண்டுக்கு இரண்டு துணிக் கிளிப்.

வேப்பேரி_கிளாரினெட்

ஃப்ளெக்ஸில் என் பங்கீடு இது. முதல் குரல்: புல்லாங்குழல் 3, கிளாரினெட் 3, ட்ரம்பெட் 2. இரண்டு: கிளாரினெட் 3, ட்ரம்பெட் 2. மூன்று: ஆல்டோ 4. நான்கு: டெனர் சாக்ஸ், ட்ராம்போன். ஐந்து: யூஃபோனியம், பேஸ் கிடார்.

பெரம்பூர்_பேஸ்

மேலே 8 பேர், கீழே 2 பேர். கோபுரத்தைத் தலைகீழாக நிறுத்துகிறீர்கள். முதல் குரலில் ஒரு ட்ரம்பெட் போதும். மற்ற மூவரும் இரண்டாம் குரலுக்குப் போகட்டும், மெட்டு வராத பாரில் மெதுவாக ஊதப் பழகட்டும். ஆல்டோவில் ஒருவரை நான்காம் குரலுக்கு இறக்குங்கள். இ ஃப்ளாட் தாள் அந்தக் குரலுக்கு இல்லையென்றால் எழுதிக் கொடுக்க ஒரு மாலை போதும். ஆல்டோ எட்டாத கீழ் சுரங்களை மட்டும் ஓர் ஆக்டேவ் ஏற்றி எழுதுங்கள்.

இரண்டாவது உருப்படிக்கு இன்னும் முழு செட்டையே சொல்வேன். மூன்றாம் கிளாரினெட்டுக்குக் கீழ்ப்பகுதி கிடைக்க வேறு வழியில்லை.

வேப்பேரி_கிளாரினெட்

ட்ரம்பெட்டையும் ஆல்டோவையும் நீங்கள் சொன்னபடி மாற்றிக்கொள்கிறேன். ஒன்று ஃப்ளெக்ஸ், ஒன்று முழு செட் என்பதற்கும் சம்மதம், ஒரு நிபந்தனையோடு: மாதிரி ஸ்கோரில் பேஸ் வாத்தியங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓய்வில் இருக்கும் பார்களையும், ஹார்ன் மட்டும் தனியாக மெட்டு எடுக்கும் பார்களையும் எண்ணுங்கள். அந்த ஹார்ன் மெட்டு ஆல்டோ தாளில் சிறிய எழுத்துக் குறிப்பாக அச்சாகியிருந்தால் வாங்குங்கள். இல்லாத செட் என்றால் நான் மறுபடி ஃப்ளெக்ஸுக்கே வருவேன்.